றியாலா, ரூபாவா?

மதீனாவில், மஸ்ஜிதுந் நபவியிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த ஒரு கடை. ஊரிலுள்ள மாமி, சாச்சி, பக்கத்து வீட்டார் என்று ஒவ்வொருவருக்காகவும் உம்மா பொருட்களைத் தெரிவுசெய்து முடித்திருந்தார். அபாயாக்கள், தொழுகை விரிப்புகள், அத்தர், ஐந்து கிலோ ஈத்தம்பழம். எல்லாம் சேர்த்து 1,500 றியால். வாப்பா தன் கடனட்டையை நீட்டினார். கடைக்காரர் தொகையை அழுத்திவிட்டு, அந்தச் சிறிய இயந்திரத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். திரையில் இரண்டு வரிகள். ஒன்றில் றியால் கணக்கு, மற்றதில் இலங்கை ரூபா கணக்கு. இரண்டில் ஒன்றைத் தொடும்படி கேட்டது.

“மகள், கண்ணாடிய ரூம்ல விட்டுட்டு வந்துட்டன். இது என்ன கேக்குது எண்டு பாருங்க” என்று வாப்பா இயந்திரத்தை என்னிடம் தள்ளினார்.

எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் வரும் கடிதங்கள், மருந்துப் பெட்டியின் குறிப்புகள், வங்கிப் படிவங்கள் எல்லாம் என்னிடம்தான் வரும். இந்த இதழை வாசிக்கும் பல தோழிகளின் வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும் என நினைக்கிறேன். நான் பார்த்தேன். றியால் அந்நியமாகத் தெரிந்தது. ரூபா நம்முடையது. எவ்வளவு போகிறது என்பதும் அப்போதே தெரிகிறது. கடைக்காரரும் ரூபா வரியைக் காட்டி, “யுவர் மணி, யுவர் மணி” என்று சிரித்தார். ரூபாவைத் தொட்டேன். பற்றுச்சீட்டு வந்தது. வாப்பாவுக்கு உதவிவிட்ட பெருமையோடு பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஊர் திரும்பி மூன்று வாரங்களின் பின் அட்டையின் மாதக் கூற்று வந்தது. வங்கியொன்றில் வேலைசெய்யும் சாச்சா அன்று எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கூற்றை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தவர், விரலை ஓர் இடத்தில் நிறுத்தி, “ரூபாவை அமத்தினது யாரு?” என்று கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். வாப்பாவும் பேசாமல் இருந்தார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

உயர்தர வர்த்தகப் பிரிவில் படிக்கிறேன். ஐந்தொகையைச் சமப்படுத்தத் தெரியும், நாணயமாற்று வீதத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதத் தெரியும். ஆனால் ஓர் அட்டையை வெளிநாட்டில் நீட்டும்போது அதன் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று சாச்சாவிடமும், பின்னர் எங்கள் வர்த்தக ஆசிரியையிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். உம்றாவுக்கோ, படிக்கச் சென்ற நானாவைப் பார்க்கவோ, வைத்தியத்துக்கோ குடும்பத்தோடு வெளிநாடு போகும்போது அந்த இயந்திரம் உங்கள் கைக்கும் வரக்கூடும்.

முதலில், பணம் போகும் பாதை. மதீனாக் கடைக்காரருக்கு எங்கள் ஊர் வங்கியைத் தெரியாது. எங்கள் வங்கிக்கும் அவரைத் தெரியாது. அவருக்கு அங்கே ஒரு வங்கி இருக்கிறது. அந்த வங்கிக்கும் நமது வங்கிக்கும் நடுவில் நின்று இரு பக்கமும் பேசுவதுதான் அட்டையின் மூலையில் அச்சிடப்பட்டிருக்கும் விசா, மாஸ்டர்காட் போன்ற வலையமைப்பு. 4 என்ற இலக்கத்தில் தொடங்கும் அட்டை விசாவுக்குரியது. மாஸ்டர்காட் 5 அல்லது 2 இல் தொடங்கும். அட்டையைத் தந்ததும், கடன் கொடுப்பதும், வட்டி கேட்பதும் நமது வங்கி. வலையமைப்பு கடன் கொடுப்பதில்லை. செய்தியையும் கணக்கையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சவூதியில் வாழ்பவர்களின் கைகளில் பெரும்பாலும் ‘மதா’ என்ற அவர்களது சொந்த வலையமைப்பின் அட்டைதான் இருக்கும். நமது அட்டை அங்கே வேலை செய்வது மூலையிலுள்ள அந்தச் சின்னத்தின் தயவால்தான்.

இதில் ஒரு வேடிக்கை. பயணத்துக்கு முன் வாப்பா, “விசா காட் வந்துட்டு” என்று சொன்னதைக் கேட்டு, உம்மம்மா சவூதி விசா கிடைத்துவிட்டதென்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அந்தப் பெயர் 1976 இல்தான் வந்தது. அதற்கு முன் அது ‘பேங்க்அமெரிக்காட்’. 1958 இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் ஓர் அமெரிக்க வங்கி, கேட்காதவர்களுக்கும் சேர்த்து சுமார் 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பித் தொடங்கிய திட்டம் அது. வேறு நாடுகளின் வங்கிகளும் சேர்ந்த பிறகு அமெரிக்கப் பெயர் பொருந்தாமற் போனதால், எந்த மொழியிலும் ஒரே மாதிரி உச்சரிக்கக்கூடிய பெயரைத் தேடி ‘விசா’ என்று வைத்தார்கள். உம்மம்மாவின் குழப்பத்துக்கு அவர்கள்தான் பொறுப்பு.

சரி, றியால் எப்படி ரூபாவாகிறது? சவூதி றியாலின் பெறுமதி 1986 இலிருந்து ஒரு அமெரிக்க டொலருக்கு 3.75 றியால் என்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே டொலரின் விலை தெரிந்தால் றியாலின் விலையும் தெரியும். டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், அதை 3.75 ஆல் வகுக்க ஒரு றியால் 80 ரூபா. மலேசிய ரிங்கிட் அப்படியல்ல. அது டொலரோடு ஏறி இறங்கும். எந்த நாணயமானாலும், நமது அட்டைக் கணக்குக்கு அது பெரும்பாலும் டொலர் வழியாகவே ரூபாவாக வந்து சேருகிறது.

இந்த மாற்றம் அட்டையைத் தட்டும் அந்தக் கணத்தில் நடந்து முடிவதில்லை. கடையில் நடப்பது அனுமதி மட்டும். “இந்த ஆளுக்கு இவ்வளவு தரலாமா?” என்று கேட்கிறார்கள், “தரலாம்” என்று நமது வங்கி பதில் சொல்கிறது. நமது கடன் எல்லையில் அந்தளவு தொகை ஒதுக்கப்படுகிறது. உண்மையான கணக்கு ஓரிரு நாட்களில், சிலவேளை இன்னும் பிந்தி, வந்து பதிவாகிறது. எந்த வீதத்தில் ரூபாவாக மாறும் என்பது பொதுவாக அந்தப் பிந்திய நாளைப் பொறுத்தது. கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தியில் ஒரு தொகையும் கூற்றில் இன்னொரு தொகையும் இருப்பதைப் பார்த்து வங்கியோடு சண்டைக்குப் போவோர் பலர் என்று சாச்சா சொன்னார். இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

சாதாரண நாட்களில் இந்த வித்தியாசம் சில ரூபாக்கள்தான். ஆனால் 2022 மார்ச்சை நம் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். மாதத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மாதம் முடியுமுன் 280 ரூபாவையும் தாண்டியது. மே மாதத்தில் சுமார் 360 வரை போனது. அந்த மார்ச்சில் 100 டொலருக்கு ஒரு பொருளை 20,000 ரூபா என்று நினைத்து வாங்கியவருக்கு, கணக்கு சில நாட்கள் பிந்திப் பதிவானபோது அதைவிட ஆயிரக்கணக்கில் அதிகமாக வந்திருக்கும். யாரும் ஏமாற்றவில்லை. இடையில் ரூபா விழுந்துவிட்டது. ஆனால் ஒருமுறை ரூபாவில் பதிவானபின் அது ரூபாக் கடன். அதற்குப் பிறகு டொலர் ஏறினாலும் அந்தத் தொகை மாறாது.

இதற்கு மேல் நமது வங்கியின் கட்டணம் இருக்கிறது. வெளிநாட்டு நாணயத்தில் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு இத்தனை வீதம் என்று ஒவ்வொரு வங்கியும் தனித்தனியே ஒரு கட்டணம் வைத்திருக்கிறது. அது கட்டண அட்டவணையில் சிறிய எழுத்தில் இருக்கும். சில வங்கிகள் அதைத் தனி வரியாகக் கூற்றில் காட்டும். சில, நாணயமாற்று வீதத்துக்குள்ளேயே சேர்த்துவிடும். அரசாங்க வரி ஏதும் அதன்மீது வருமா என்பதையும் சேர்த்துக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பயணத்துக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற வேலை இது.

இனி அந்த இரண்டு வரிகள். நாங்கள் மதீனாவில் எதிர்கொண்ட கேள்விக்கு வங்கிக்காரர்கள் டி.சி.சி. என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாணயத்தைக் கடையிலேயே, அங்கேயே மாற்றிக் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் முதல் சில இலக்கங்களை வைத்து அது எந்த நாட்டு அட்டை என்று இயந்திரம் அறிந்துகொள்கிறது. உடனே, “உங்கள் நாட்டுப் பணத்திலேயே தரலாமே” என்று அழைக்கிறது. உபசரிப்புப் போலவே இருக்கும்.

நாம் றியாலைத் தெரிவுசெய்தால், மாற்றும் வேலையை வலையமைப்பும் நமது வங்கியும் செய்யும். ரூபாவைத் தெரிவுசெய்தால், அந்த வேலையைக் கடைக்காரர் பக்கத்திலுள்ள ஒரு நிறுவனம் செய்யும். என்ன வீதத்தில் மாற்றுவது என்பதையும் அதுவே தீர்மானிக்கும். சந்தை வீதத்துக்கு மேல் அது வைக்கும் இலாபத்தில் கடைக்காரரின் வங்கிக்கும் கடைக்காரருக்கும் பங்கு போகும். “யுவர் மணி” என்று அவர் ஏன் அவ்வளவு அன்பாகச் சிரித்தார் என்று எனக்கு இப்போது புரிகிறது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. கேட்டார், நான்தான் ஆம் என்றேன்.

கணக்காகப் பார்ப்போம். எளிமைக்காக எண்களைச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன். றியால் 80 ரூபா என்றால் 1,500 றியால் 120,000 ரூபா. நமது வங்கி 3 வீதம் எடுப்பதாக வைத்தால் 3,600 ரூபா சேர்ந்து 123,600. இது றியாலைத் தொட்டிருந்தால் வந்திருக்கும் தொகை. இயந்திரமோ ஒரு றியாலை 85 ரூபாவாகக் கணக்கிட்டு 127,500 என்று காட்டுகிறது. வித்தியாசம் 3,900 ரூபா. தம்பியின் பாடசாலைச் சப்பாத்துக்கான காசு, ஒரே ஒரு தொடுகையில். அதோடு முடிந்தால் பரவாயில்லை. கடை வெளிநாட்டில் இருப்பதால், ரூபாவில் வந்த கணக்குக்கும் சில வங்கிகள் தமது வெளிநாட்டுக் கட்டணத்தை எடுக்கும். அப்போது ஒரே பொருளுக்கு இரண்டு பேருக்குக் கூலி கொடுத்ததாகிவிடும். எங்கள் கூற்றில் சாச்சாவின் விரல் நின்றது அந்த இரண்டாவது வரியில்தான்.

ரூபாவைத் தெரிவுசெய்வதில் ஒரேயொரு நன்மை உண்டு. எவ்வளவு போகும் என்பது அக்கணமே உறுதியாகிவிடும். 2022 மார்ச் போன்ற ஒரு வாரத்தில் அது சிலருக்கு உதவியும் இருக்கலாம். அப்படிப்பட்ட வாரங்கள் அபூர்வம். மற்ற நாட்களில் அந்த உறுதிக்கு நாம் கொடுக்கும் விலை மிக அதிகம் என்பதே என் கருத்து.

வலையமைப்புகளின் விதிப்படி இந்தத் தெரிவு அட்டைக்காரருடையது. கடைக்காரர் நம்மிடம் கேட்காமல் தானே அழுத்தக்கூடாது. நடைமுறையில் அவசரமான கடைகளிலும் ஹோட்டல் வரவேற்பு மேசைகளிலும் அவர்களே அழுத்திவிட்டுக் கையொப்பம் கேட்பதுண்டு. ஆகவே அட்டையைத் தட்டுவதற்கு முன் திரையில் எந்த நாணயத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். எஸ்.ஏ.ஆர். என்றால் றியால், எம்.வை.ஆர். என்றால் ரிங்கிட், எல்.கே.ஆர். என்றால் நமது ரூபா. பிழையாகப் போய்விட்டால் பற்றுச்சீட்டோடு அங்கேயே நின்று, இதை இரத்துச் செய்து உள்ளூர் நாணயத்தில் மீண்டும் போடுங்கள் என்று கேட்கலாம். கடையை விட்டு வந்தபின் அதைத் திருத்துவது பெரும்பாடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரலிலிருந்து, இப்படி மாற்றித் தருபவர்கள் ஐரோப்பிய மத்திய வங்கியின் வீதத்தை விட எத்தனை வீதம் கூடுதலாக எடுக்கிறார்கள் என்பதை வாடிக்கையாளருக்குக் காட்டியே ஆகவேண்டும். எல்லா நாட்டிலும் அப்படியில்லை. ஆனால் பற்றுச்சீட்டில் மாற்று வீதம் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். விசா, மாஸ்டர்காட் இரண்டும் தமது அன்றாட வீதத்தை இணையத்தில் வெளியிடுகின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

பணம் எடுக்கும் ஏ.டி.எம். இயந்திரங்களிலும் இதே கேள்வி வரும். அங்கே அது இன்னும் பயமுறுத்தும். “இந்த மாற்று வீதத்தை ஏற்கிறீர்களா?” என்று கேட்டு, ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று இரண்டு பொத்தான்களைக் காட்டும். மறுத்தால் பணம் வராது, அட்டையும் மாட்டிக்கொள்ளும் என்று பயந்து பலர் ஏற்றுவிடுகிறார்கள். மறுப்பது அந்த வீதத்தை மட்டும்தான். மறுத்தாலும் பணம் வரும், உள்ளூர் நாணயக் கணக்கில். ஒன்லைனில் விமானச் சீட்டோ ஹோட்டல் அறையோ பதியும்போது விலை தானாக ரூபாவில் தெரிவதும் சில இடங்களில் இதே கதைதான்.

ஏ.டி.எம். என்றதும் இன்னொன்றைச் சொல்லவேண்டும். கடனட்டையால் பணமாக எடுப்பது வேறு, பொருள் வாங்குவது வேறு. பொருள் வாங்கினால், முந்திய நிலுவை எதுவும் இல்லாமல் முழுத் தொகையையும் உரிய திகதிக்குள் செலுத்துபவருக்கு வட்டி இல்லை. பணமாக எடுத்தால் அந்த அவகாசம் கிடைக்காது. எடுத்த அன்றே ஒரு கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி. 1,000 றியால், அதாவது 80,000 ரூபா எடுத்ததாக வைத்துக்கொள்வோம். கட்டணம் 4 வீதமென்றால் 3,200 ரூபா. வருட வட்டி 26 வீதமென்றால் நாளொன்றுக்கு சுமார் 57 ரூபா. முப்பது நாள் கழித்துச் செலுத்தினால் வட்டி மட்டும் சுமார் 1,710 ரூபா.

வட்டியை முற்றாகத் தவிர்க்க நினைக்கும் நம் போன்ற குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. “நாங்க எப்பவும் திகதிக்கு முன்னமே கட்டிடுவோம்” என்று நம்பியிருப்பவர்களுக்கும் பணமாக எடுத்த தொகையில் வட்டி ஏறியிருக்கும். கைச்செலவுக்கு இங்கிருந்தே கொஞ்சம் றியால் மாற்றிக் கொண்டுபோவதோ, சேமிப்புக் கணக்கிலுள்ள சொந்தப் பணத்தை டெபிட் காட்டால் எடுப்பதோ மேல். டெபிட்டிலும் கட்டணம் உண்டு, ஆனால் அது கடன் அல்ல. கடனட்டையின் கூற்றில் ‘குறைந்தபட்சக் கொடுப்பனவு’ என்று ஒரு சின்னத் தொகை அச்சிடப்பட்டிருக்கும். அதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம்தான் தப்பும், வட்டி தப்பாது. பெரும்பாலான வங்கிகளில் அந்த வட்டி வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படும். பயணத்தில் இருக்கும்போதுதான் உரிய திகதி மறந்துபோகும். புறப்படுமுன், முழுத்தொகையும் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே கழிக்கப்படும்படி வங்கிக்கு நிலையான கட்டளை கொடுத்துவிடலாம்.

ஹோட்டலில் நடந்தது இன்னொரு கதை. மக்காவில் அறைக்கு முழுப்பணமும் செலுத்தியபின், வரவேற்பு மேசையில் இருந்தவர் வைப்பாக 500 றியால் வேண்டுமென்று அட்டையைக் கேட்டார். உம்மா, “காசு கட்டியாச்சே, இன்னும் என்னத்துக்கு?” என்று பதறினார். அது கழிக்கப்படும் பணமல்ல, தடுத்து வைக்கப்படும் பணம். அறையில் எதுவும் உடையாமல், கூடுதல் செலவு எதுவும் இல்லாமல் வெளியேறினால் விடுவித்துவிடுவார்கள். ஆனால் விடுவித்த செய்தி வங்கிகளைக் கடந்து நம் கணக்கில் தெரிய சில நாட்கள் ஆகும். அதுவரை கடன் எல்லையில் 40,000 ரூபா குறைந்தே இருக்கும். இரண்டு ஹோட்டல்களில் தங்கினால் இரண்டு தடுப்புகள். எல்லை சிறிய அட்டையென்றால் கடைசி நாட்களில் அது கடையில் மறுக்கப்பட்டுக் கூச்சமாகிவிடும். இந்த வைப்புக்கு டெபிட் காட்டைக் கொடுக்காதீர்கள் என்று சாச்சா அழுத்திச் சொன்னார். அங்கே தடுக்கப்படுவது நமது சொந்தக் கணக்கிலுள்ள பணம். அந்த நாட்களில் அதை நாமே எடுத்துச் செலவழிக்க முடியாது.

மக்காவிலிருந்து மதீனாவுக்கு நாங்கள் ரயிலில் போக நினைத்தோம். 2018 இல் திறக்கப்பட்ட ஹரமைன் அதிவேக ரயில் சுமார் 450 கிலோமீற்றர் ஓடுகிறது. மணிக்கு 300 கிலோமீற்றர் வேகம் என்றதும் தம்பிக்கு நித்திரை வரவில்லை. இரவு ஹோட்டல் அறையிலிருந்து ஒன்லைனில் சீட்டுப் பதிய உட்கார்ந்தேன். பெயர்கள், கடவுச்சீட்டு இலக்கங்கள், அட்டை இலக்கம், எல்லாம் கொடுத்தாயிற்று. கடைசியில், உங்கள் தொலைபேசிக்கு அனுப்பிய ஒருமுறைக் குறியீட்டை இடுங்கள் என்றது. தொலைபேசி சும்மா கிடந்தது. வாப்பா விமான நிலையத்தில் சவூதி சிம் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். வங்கியில் பதிந்திருந்த இலங்கைச் சிம்மோ, கழற்றிப் பத்திரமாகச் சுற்றி, எங்கள் வீட்டு அலுமாரியில் உம்மாவின் நகைப்பெட்டிக்குள் இருந்தது. பத்திரமாகத்தான் இருந்தது! வங்கி குறியீட்டை நகைப்பெட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மூன்று தடவை முயன்றபின் அட்டையே தற்காலிகமாக முடக்கப்பட்டுவிட்டது.

மறுநாள் சாச்சாவோடு இணையம் வழியாகப் பேசி, வங்கியை அழைத்து, அட்டையைத் திறந்துகொண்டோம். பிறகு ரயில் நிலையத்துக்கே போய், அங்கே அட்டையை இயந்திரத்தில் செருகி, இரகசிய இலக்கத்தை அழுத்தினார் வாப்பா. குறியீடு எதுவும் கேட்கவில்லை. சீட்டு வந்துவிட்டது. எனக்கு இது அன்று விளங்கவே இல்லை. விடை எளிது. கடையில் அட்டையே நேரில் இருக்கிறது. அதன் முகத்திலுள்ள சிறிய பொன்னிறச் சில்லு ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் புதிதாக ஒரு குறியீட்டை உருவாக்கி, இது போலி அட்டையல்ல என்று நிரூபிக்கிறது. இரகசிய இலக்கம், இது சொந்தக்காரர்தான் என்கிறது. ஒன்லைனில் அட்டை இல்லை, வெறும் இலக்கங்கள்தான். இலக்கங்களை யாரும் எழுதியெடுக்கலாம். அதனால்தான் தொலைபேசியைக் கேட்கிறார்கள். எனவே பதிந்த சிம்மை விட்டுப் போகாதீர்கள். ரோமிங் சேவையைத் திறந்து, இரண்டு சிம் போடும் தொலைபேசியில் இரண்டாவது இடத்தில் போட்டு வைத்திருங்கள். வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறுவதற்குக் கட்டணம் உண்டா என்று தொலைபேசி நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். அந்தக் குறியீட்டை, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்பவருக்கும் சொல்லக்கூடாது. வங்கி அதை ஒருபோதும் கேட்காது.

புறப்படுமுன் செய்யவேண்டியவற்றில் சில மிகச் சிறியவை, ஆனால் மறந்தால் தலையிடி. வெளிநாட்டுப் பாவனை மூடப்பட்ட நிலையிலேயே சில வங்கிகள் அட்டையைத் தருகின்றன. அதைத் திறக்கச் சொல்லவேண்டும். எந்த நாடு, எந்தத் திகதிகள் என்பதையும் சொல்லி வைக்கலாம். இல்லையெனில் காலையில் இலங்கையிலும் இரவில் ஜித்தாவிலும் தட்டப்படும் அட்டையைத் திருடப்பட்டதாக நினைத்து வங்கியின் கணினி நிறுத்திவிடக்கூடும். இரண்டு அட்டைகள் இருந்தால் இரண்டையும் ஒரே பணப்பையில் வைக்காதீர்கள். ஒன்று வாப்பாவிடம், ஒன்று உம்மாவிடம். தொலைந்தால் அழைக்கவேண்டிய இலக்கம் அட்டையின் பின்புறத்திலேயே இருக்கிறது. தொலைந்தபின் அந்த இலக்கத்தை எங்கே பார்ப்பது? தனியே எழுதி, கடவுச்சீட்டோடு வையுங்கள். அட்டையைப் படம்பிடித்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுவது மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டில் அதுவும் நடந்தது. யார் என்று சொல்லமாட்டேன், வீட்டுக்குள் சமாதானம் நிலவவேண்டும்.

நமது நாட்டின் சட்டமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ்தான் நமது அட்டைகள் வெளிநாட்டுப் பணத்தைச் செலவழிக்கின்றன. பயணம், தங்குமிடம், சொந்தத் தேவைக்கான பொருட்கள் ஆகியவற்றுக்குத் தடையில்லை. ஆனால் பிட்கொயின் போன்ற மெய்நிகர் நாணயங்களுக்கு இந்த அட்டைகளால் பணம் செலுத்த அனுமதியில்லை. இதை மத்திய வங்கி பொதுமக்களுக்கு அறிவித்துமிருக்கிறது. விரைவில் பணக்காரராகலாம் என்று கைப்பேசியில் வரும் விளம்பரங்களைப் பார்த்து வாப்பாவின் அட்டை இலக்கத்தைக் கேட்கும் தம்பிமார் இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன்.

பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். நாங்கள் ஈத்தம்பழப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கொண்டுவந்திருந்ததால்தான் கூற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட முடிந்தது. அப்படிப் பார்த்ததில், ஒரு சிற்றுண்டிக் கடையின் 46 றியால் இரண்டு தடவை பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்தோம். வங்கியில் எழுத்துமூலம் முறைப்பாடு செய்தோம். பற்றுச்சீட்டின் பிரதியைக் கேட்டார்கள். ஐந்து வாரங்களின் பின் பணம் திரும்ப வந்தது. முறைப்பாட்டுக்குக் காலவரையறை உண்டு என்பதால் கூற்றைக் கண்டவுடன் பார்த்துவிடவேண்டும். ஆனால் நான் ரூபாவைத் தொட்டதால் போன பணத்துக்கு முறைப்பாடு செய்ய வழியில்லை. அது பிழையான பதிவல்ல. திரை கேட்டது, நான் சம்மதித்தேன். பற்றுச்சீட்டிலும் அப்படியே அச்சாகியிருந்தது, மாற்று வீதத்தோடு. மதீனாவில் அதை நான் வாசிக்காமலே மடித்து வைத்திருந்தேன்.

வாப்பா அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொண்டு, “மகள், அந்த 80, 85 கணக்க எனக்கும் ஒருக்கா சொல்லித் தாங்க” என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். கடனட்டையின் உறையில் தன் கையாலேயே, ‘அந்த நாட்டுக் காசு’ என்று பேனையால் எழுதி வைத்தார்.

போன மாதம் பெரிய ராத்தா மச்சானோடு கோலாலம்பூர் போயிருந்தார். ஒருநாள் மாலை, நான் பாடசாலைவிட்டு வந்து சீருடை மாற்றிக்கொண்டிருக்கும்போது வட்ஸ்அப் அழைப்பு. பின்னணியில் கடைச் சத்தம், பிள்ளை அழும் சத்தம்.

“தங்கச்சி, மெசின் கேக்குது. ரிங்கிட்டா, ரூபாவா? கெதியாச் சொல்லுங்க, பின்னால ஆக்கள் நிக்கிறாங்க.”

நான் வாயைத் திறக்குமுன், முன்னறையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த வாப்பா அங்கிருந்தே உரத்துச் சொன்னார்: “ரிங்கிட்!”